ஓட்டியவர் பெயர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாம்பனில் புதுப் பாலம் திறந்து, ரயில் மறுபடியும் கடலைத் தாண்டின வருஷம் இது. அதே மாதம் போப்பாண்டவர் இறந்தார். எங்கள் கோயிலில் துக்க மணி அடித்தார்கள். புதுப் போப்பாண்டவர் வந்தபோது மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையோரம் கட்டிக் கிடந்தது. தடை முடிந்த இரண்டாவது வாரத்தில் நாங்கள் போன படகு இலங்கை நேவியிடம் பிடிபட்டது. எனக்கு வருஷங்கள் எண்ணாக நிற்பதில்லை, இப்படித்தான் நிற்கும். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது எனக்குப் பத்து வயது. கச்சத்தீவை அந்தப் பக்கத்துக்கு எழுதிக்கொடுத்த வருஷம் முதன்முதலாகப் படகு ஓட்ட வீல் பிடித்தேன்.

என் பெயர் எஸ்தாக்கி. ஊர் தங்கச்சிமடம். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்லை. இதை எழுதுகிறவள் என் மருமகள் டெல்பின். நான் பேச்சில் சொல்வதை அவள் புத்தகப் பாஷையாக நேராக்கி எழுதுகிறாள். என் மகன் ரெமிஜியுஸ் யாழ்ப்பாணத்து ஜெயிலில் இருக்கிறான். போனில் பேசக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் அவன் கேட்டது இது ஒன்றுதான்: "வீட்டுல அன்னன்னைக்கு நடக்குறத எழுதி வைங்க. வந்து வாசிச்சுக்குறேன். ஒரு வருசம் எனக்கு இல்லாமப் போயிறக் கூடாது."

ரெமி, நீ வாசிக்கிறபோது தெரிந்துகொள். படகில் போன நான்கு பேரில் உன்னை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் அனுப்பிவிட்டார்கள். ஓட்டினவருக்கு ஒரு வருஷம், மற்றவர்களுக்கு எச்சரிக்கை என்று கோர்ட்டில் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஏற்றினார்கள். நம் கரையிலிருந்து விடியக்காலை கிளம்பினால் காலைச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேருகிற இடத்திலிருந்து, ஆகாயத்தில் சுற்றி, வேனில் சுற்றி, இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். டெல்பின் வாசலில் நின்றாள். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். வேன் போய்விட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. டெல்பின் நண்டுக் கம்பெனிக்குப் போய்விட்டு வந்தாள். விரலில் இரண்டு இடத்தில் ஓடு கிழித்திருக்கிறது, பிளாஸ்திரி போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறாள். மத்தியானம் நான் குழம்பு வைத்தேன், உப்பு கூடிப்போயிற்று. அவள் சாப்பிட்டு முடித்தாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பந்தல் போட்டு உண்ணாவிரதம். பிடிபட்டவர்களை விடச் சொல்லி. பெண்கள்தான் அதிகம். என்னை மேடையில் உட்காரவைத்து ஒரு சால்வை போட்டார்கள். எழுபத்தொரு வயதில் ஜெயிலுக்குப் போய்வந்த பெரியவர் என்று மைக்கில் சொன்னார்கள். சால்வை கழுத்தில் அரித்தது.

சங்கத்துக்காரர் மைக்கை என் வாயருகே நீட்டினார். "பெரியவரே, எல்லைக்கு இந்தப் பக்கந்தான புடிச்சாங்க?"

"ஆமா" என்றேன்.

கை தட்டினார்கள். டெல்பின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, இதை எழுதுவதற்கு முன்னால் கேட்டாள். "நெசமாவா மாமா?"

"ஜி.பி.எஸ். பாத்தாத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்தப் பக்கம்னு தெரியும்."

அவள் நோட்டைத் திறந்தாள். "அப்ப மேடையில ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

பந்தலில் இருநூறு பேர் பட்டினியாக உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன சொல்வது? கோடு எங்கே என்று அந்தக் கூட்டத்தில் தெரியாதவர் யாரும் இல்லை. தெரியாமல் தாண்டிவிட்டோம் என்று எல்லாரும் சொல்கிறோம். இந்தப் பக்கத்துக் கடல்தரையை இழுவை மடிவலை போட்டு நாமே வழித்து முடித்துவிட்டோம். மீன் அங்கேதான் இருக்கிறது. அதனால் போகிறோம். இதை எழுது என்று சொன்னேன். எழுதிவிட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

மாமா இன்று ஒன்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். — டெல்பின்

ஆகஸ்ட் 14, வியாழன்

ரெமி போனில் வந்தான். டெல்பினோடு பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"அப்பா, பிரஷர் மாத்திர ஒழுங்காப் போடுறீகளா?"

"போடுறேன்டா."

"இங்க ஒன்னும் கஷ்டமில்ல. பருப்பு, சோறு. நம்ம ஊரு ஆளுக நெறைய இருக்காக. என்னைய டிரைவரண்ணேன்னு கூப்புடுறானுக." சிரித்தான். "நீங்க எதையும் போட்டு ஒழப்பிக்காதீக. நாஞ் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

இருக்கிறது, ரெமி. நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது.

என்ன சொன்னார் என்று டெல்பின் கேட்கிறாள். மாத்திரையைப் பற்றித்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்தோம். பிடிபட்ட அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒருதடவை முழுக்கச் சொல்லுங்கள், எழுதிவிடுகிறேன் என்று டெல்பின் உட்கார்ந்தாள். சொல்கிறேன்.

படகு காணிக்கை என்கிற முதலாளியுடையது. அவன் வழக்கமாக வைத்திருக்கும் டிரைவர் அன்றைக்கு வரவில்லை. அறுபது தாண்டினவனைக் கடலுக்கு அனுப்பக் கூடாது. இருந்தாலும் காணிக்கை என்னையும் ஏற்றிக்கொண்டான். சமையலுக்கு என்று வைத்துக்கொள். மடி தூக்க பெர்க்மான்ஸ் வந்தான். ஐஸ் வெட்ட நம்புராஜன். ரெமி ஐஸ் கம்பெனி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கிளம்புகிற நேரத்தில் வந்து ஏறினான். வராதே என்றுதான் சொன்னேன். "நீங்க எறங்குங்க, நானும் எறங்குறேன்" என்றான். நான் இறங்கவில்லை.

விடிந்து வெளுக்கிற நேரம். மடி இழுத்துக்கொண்டிருக்கும்போது எஞ்சின் சத்தம் கனத்தது. தூக்கிப் பார்த்தால் எங்கள் மடியோடு அந்தப் பக்கத்து ஆட்களின் நண்டு வலை சுற்றிக்கொண்டு வருகிறது. ஒரு கட்டு இல்லை, கிழிந்தும் கிழியாமலும் மலைபோல. பத்து பாகம் தள்ளி, கூப்பிடு தூரத்தில், ஒரு பைபர் படகில் ஒருத்தர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். "வெட்டிப்போடாதேங்கோ! கடனுக்கு எடுத்த வலை! வெட்டிப்போடாதேங்கோ!"

வெட்டு என்று நான் சொன்னேன். எல்லாப் படகும் அதைத்தான் செய்யும். வெட்டிவிட்டுத் திரும்பினால் ஒருமணி நேரத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடலாம். ரெமி அரிவாளை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, கெட்ட வார்த்தையில் எங்கள் எல்லாரையும் திட்டிக்கொண்டே வலையைப் பிரிக்க உட்கார்ந்தான். நம்புராஜனும் உட்கார்ந்தான். பெர்க்மான்ஸ் ஐஸ் பெட்டிமேல் தூங்கினவன், சத்தம் கேட்டு எழுந்து வந்தான். பாதி பிரித்திருப்பார்கள். நேவிப் படகு வந்துவிட்டது.

அடிக்கவில்லை, அதையும் எழுது. டீ கொடுத்தார்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகு பிடிபட்டால் நேவிக்காரர் கேட்பதற்கு முன்னால் டிரைவர் எழுந்து, நான்தான் என்று சொல்லிவிடுவான். கேட்டு, தேடி, ஆளாளுக்கு அடி வாங்குகிற நிலைமைக்கு மற்றவர்களை விடுவதில்லை. டிரைவர் கூலி இரண்டு பங்கு வாங்குவதே அதற்கும் சேர்த்துத்தான். நான் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு எங்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ரெமி எழுந்தான்.

டெல்பின் பேனாவை நிறுத்தினாள். "அப்ப வீல அவருதான் புடிச்சிருந்தாரா மாமா?"

"அவந்தான் எந்திரிச்சான்."

"அவருக்கு எப்ப நீங்க சொல்லிக்குடுத்தீங்க?"

"சின்ன வயசுல."

"உங்க முழங்கால எதுக்கு மாமா இதுல எழுதணும்?"

சும்மா எழுது என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

டீக்கடையில் பெர்க்மான்ஸைப் பார்த்தேன். ஊருக்கு வந்ததிலிருந்து கடலுக்குப் போகவில்லை, நெஞ்சை அடைக்கிறதாம். நம்புராஜன் கொச்சிக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று சொன்னான். நான் ஒரு வடை எடுத்தேன்.

"எறங்குதா மாமா?" என்றான் பெர்க்மான்ஸ்.

"என்னடா?"

"வடையத்தான் கேட்டேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னத்துக்குச் சிரித்தார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பெர்க்மான்ஸ் சிரிக்கவில்லை. வடையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

மழை தூறல். கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை, தார் வைத்து அடைத்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பெர்க்மான்ஸ் இறந்துவிட்டான். காலையில் பல் தேய்க்கும்போதே விழுந்தானாம். ஐம்பத்திரண்டு வயது. அவன் பெண்டாட்டி கித்தேரி என்னைக் கண்டதும், "மாமா, ஒங்ககூடத்தான கடைசியாக் கடலுக்கு வந்தாரு" என்று சொல்லி அழுதாள். நல்ல வேலைக்காரன். மடியைத் தூக்கும்போது அவன் இருந்தால் இரண்டு ஆள் வேண்டாம். குழிக்கு மண் போட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

யாழ்ப்பாணத்திலிருந்து வக்கீலம்மா ஒருவர் டெல்பினுடைய போனுக்குக் கூப்பிட்டார். ரெமிக்காக அங்கே உள்ள மாதா கோயில் சாமியார்கள் ஏற்பாடு செய்த வக்கீல். டெல்பின் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, உம்மட அவர் எனக்கே வாய் திறக்கிறார் இல்லை. நான்தான் ஓட்டினனான் எண்டு ஒரே பிடி. ஆனா எஞ்சினை எப்பிடி நிப்பாட்டுறது எண்டு கேட்டா முழிக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது."

டெல்பின் சிரிக்கவில்லை.

"வலை அறுபட்டவரையும் நான் கண்டு கதைச்சனான். பாவம், அவருக்கு அரைவாசி வலை போயிட்டுது. ஆனா ஒண்டு சொன்னார்: அந்தப் பொடியன் கீழ இருந்து என்ர வலையைப் பிரிச்சுக்கொண்டெல்லோ இருந்தவன், வீலில நிண்டது வேற ஒரு வயசு போன ஆள் எண்டு. கேட்டால் கோர்ட்டில வந்தும் சொல்லுவாராம். உண்மையா ஓட்டினவர் ஆரெண்டு சொல்லி ஒரு சத்தியக்கடதாசி வந்தால் அப்பீல் போடலாம். நாள் கிடக்கு, ஆனா கனக்க இல்லை."

போனை வைத்துவிட்டு டெல்பின் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பெர்க்மான்ஸ்" என்றேன்.

"பெர்க்மான்ஸ் அண்ணனா?"

"அவந்தான் புடிச்சான். அவனுக்குப் புள்ளகுட்டி இருக்குன்னு ரெமி ஏத்துக்கிட்டான்."

டெல்பின் அப்படியே சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சமையல்கட்டுக்குப் போய் ரொம்ப நேரம் வரவில்லை. இப்போது இதை எழுதும்போது அவள் கண் வீங்கியிருக்கிறது. சந்தோஷத்தில் அழுதேன் என்கிறாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காணிக்கை வந்தான். டெல்பின் போய்ச் சொல்லியிருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே பேசினான்.

"நல்ல காரியம் அண்ணே. பெர்க்மான்ஸ்தான்னு எழுதிருவோம். செத்தவன எந்த நேவி வந்து புடிக்கப் போவுது? ரெமி வந்துருவான், எனக்கும் படகு நிவாரணத்துல சிக்கல் வராது. யாருக்கும் நட்டமில்ல."

"வலைக்காரரு வயசான ஆளுன்னு சொல்றாராமே" என்றாள் டெல்பின்.

"பெர்க்மான்ஸுக்கும் தல நரச்சுத்தான இருந்துச்சு? கடல்ல நின்னு பாக்குறவனுக்கு நாப்பதும் ஒன்னுதான், எழுவதும் ஒன்னுதான்." என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "என்னண்ணே?"

நான் தலையாட்டினேன். தலையாட்டியதையும் எழுது.

கித்தேரியும் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் பலமாக இருக்குமாம். எல்லாம் தயார் பண்ணி வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீசுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். டெல்பின் பாயசம் வைத்தாள். ரெமி பிடிபட்டதிலிருந்து இந்த வீட்டில் இனிப்பு வைத்தது இதுதான் முதல். எனக்கு இரண்டு தம்ளர் ஊற்றினாள். ரெமி வந்ததும் ஐஸ் கம்பெனி வேலையை விடச் சொல்லி, மண்டபத்தில் ஒரு கடை பார்க்கலாம் என்று பேசிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு அவள் பேசி நான் கேட்டதில்லை.

செப்டம்பர் 10, புதன்

கித்தேரி வந்தாள். வெள்ளைச் சேலை புதுசு, கஞ்சி போகாமல் மொடமொடவென்று இருந்தது. கீழே உட்கார்ந்தாள். டெல்பின் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காணிக்கை அண்ணன் சொன்னாரு மாமா. ரெமி வருவான்னா நான் எழுதித் தாறேன். அவரு இருந்தாலும் குடுன்னுதான் சொல்லுவாரு."

கித்தேரி டீத் தம்ளரைக் கையில் எடுத்தாள்.

"ஆனா மாமா, ஊருக்கு வந்தப்ப எங்கிட்ட அவரு என்ன சொன்னாருன்னா, நான் ஐஸ் பெட்டி மேல தூங்கிட்டு இருந்தேன்டி, சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன்னு சொன்னாரு." டீத் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பிடித்தாள். "நாந்தான் சரியாக் கேக்கலையோ என்னமோ. அந்நேரம் சோறு வடிச்சிட்டு இருந்தேன். தூக்கத்துல எந்திரிச்சு வந்து புடிச்சிருப்பாரு. இல்லையா மாமா?"

டெல்பின் என் முகத்தைப் பார்த்தாள். இந்த நோட்டில் ஐஸ் பெட்டியை எழுதினவள் அவள்தான்.

"அப்படித்தான் இருக்கும்" என்று கித்தேரியே சொல்லிக்கொண்டாள். "ரெமியச் சிக்கவச்சிட்டு ஊருக்கு வந்தோமேங்குற கவலையிலதான் அவருக்கு நெஞ்சே அடச்சிருக்கும். பாவம், எங்கிட்டக்கூடச் சொல்ல வெக்கப்பட்டிருக்காரு. நீங்க அவர மன்னிச்சிருங்க மாமா. டெல்பினு, நீயும் மன்னிச்சிரும்மா."

கித்தேரி எழுந்து டெல்பினின் காலைத் தொட வந்தாள். டெல்பின் தடுத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு கித்தேரி என் பக்கம் திரும்பி, எனக்கு முன்னால் குனிந்தாள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் கை என் பாதத்தில் பட்டது.

அவள் போன பிறகு டெல்பின் தம்ளரை எடுத்துக் கழுவினாள். அந்த டீயைக் கித்தேரி குடிக்கவே இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

மாமா சாப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. — டெல்பின்

செப்டம்பர் 12, வெள்ளி

காணிக்கை பத்து மணிக்குக் காரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். விடிந்ததும் டெல்பினைக் கூப்பிட்டு, நோட்டை எடுத்து வா என்றேன். வேலைக்கு நேரமாகிறது என்றாள். இன்றைக்கு வேலைக்குப் போகாதே என்றேன். வந்து உட்கார்ந்தாள்.

முழங்காலுக்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை. எழுது.

எழுதினாள்.

டிரைவர் வராததால் காணிக்கை என்னைத் தேடி வந்தான் என்பதில்லை. நான்தான் அவனைத் தேடிப் போனேன். இத்தனை வருஷமாக ஒருதடவைகூடப் பிடிபடாதவன் நான், என்னைவிட அந்தத் தரை தெரிந்தவன் எவன் இருக்கிறான் என்று கேட்டு ஏறினேன். கரையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதற்கு மேல் காரணம் கிடையாது. ரெமி என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தான். வரிசையாக உட்காரவைத்தபோது நான் எழுந்திருக்க வேண்டும். ஜெயிலிலேயே செத்துவிடுவேன் என்று தோன்றிற்று. உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்தான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கோர்ட்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதும் அவன்தான். அதை நான் நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

டெல்பின் பேனாவைக் கீழே போட்டாள்.

"ஒரு மாசத்துக்கு மேலா என் கையாலயே பொய் எழுத வச்சிருக்கீங்களே மாமா" என்றாள். "ஊரு பூரா அவர எப்படிப் பேசுது தெரியுமா? டிரைவரு, ரெண்டு பங்குக்கு ஆசப்பட்டுப் போனான்னு. நானும் அப்படித்தான் நெனச்சேன். எங்கிட்டச் சொல்லாமக் காசுக்குப் போனாரேன்னு போன்ல நான் அவரோட சரியாப் பேசக்கூட இல்ல."

எழுந்து வெளியே போனாள். அடிபம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. குடம் நிறைந்து தண்ணீர் வழிந்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சொல்லுங்கோ தங்கச்சி."

"அக்கா, அந்தச் சத்தியக்கடதாசியில என்னென்ன எழுதணும்?"

"படகில போனவை ஆர் ஆர், அதில ஓட்டத் தெரிஞ்சவை ஆர், அண்டைக்கு ஓட்டினது ஆர். ஓட்டினவர் உயிரோட இருக்கிறாரோ? அதுவும் வேணும். ஒண்டு யோசிச்சுக்கொள்ளச் சொல்லுங்கோ, பிறகு அவர் எங்கட கடலில கால் வச்சால் பிடிதான். அங்கையும் உங்கட ஆக்கள் அவரைச் சும்மா விடமாட்டினம்."

"யோசிச்சாச்சு அக்கா" என்றாள் டெல்பின். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

காணிக்கை வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தான். "அண்ணே, கெளம்புங்க! கித்தேரிய வழியில ஏத்திக்கிருவோம்!" டெல்பின் ஜன்னலுக்குப் போய், "கித்தேரி அக்கா வர வேண்டாம். மாமா வருவாரு, கொஞ்சம் எழுத வேண்டியிருக்கு" என்றாள். அவன் என்னவோ கத்தினான். அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள். மாமா என்று சொல்லவில்லை.

சொன்னேன். படகில் போனவர்கள் நான்கு பேர். ரெமிஜியுஸ், நம்புராஜன் இருவருக்கும் ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் பெர்க்மான்ஸ் அப்போது ஐஸ் பெட்டிமேல் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் இறந்துவிட்டான், அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. மற்றவன் உயிரோடு இருக்கிறான். அவன் பெயர் எஸ்தாக்கி.